சுந்துஸுக்கு எண்ணத் தெரியாது

என் தங்கை இனாஸின் மகள் சுந்துஸ் பேசக் கற்றுக்கொண்டபோது கூடவே கற்றுக்கொண்டது, யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் கண் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்பது. வாய் நலம் விசாரிக்கும். கண் கூடத்தின் மூலையில் இருக்கும் புதுத் தொலைக்காட்சியை அளந்துகொண்டிருக்கும். நாலரை வயதில் அவளுக்கு இது எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பிடிபட்டிருந்தது.

அவள் அப்பா ரவூஃப் குவைத்தில் பொறியாளர். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் வீட்டுக்கு, எகிப்தில் எங்கள் ஊரான மன்சூராவில், ஊர்க்கண் அத்தனையும் வரும் என்பது இனாஸின் கணக்கு. அதனால் அவள் வீட்டில் எதுவும் புதிதல்ல, எதுவும் நன்றாக இல்லை, யாருக்கும் உடம்பு சரியில்லை. துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியபோது அதைப் பழைய போர்வையால் மூடி மாடிக்கு ஏற்றினார்கள். வழியில் பார்த்தவர்களிடம், பழுது பார்க்கப் போன பழைய இயந்திரம் திரும்பி வருகிறது என்று சொல்லப்பட்டது. அப்பா உனக்கு என்ன கொண்டுவந்தார் என்று யாராவது சுந்துஸைக் கேட்டால், முதுகுவலி கொண்டுவந்தார் என்று சொல்வாள். முகத்தைக்கூட அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொள்வாள்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் முக்கியமாக ஒருவரைக் குறித்தவை. மூன்றாம் மாடியில் இருக்கும் ஷாஹினாஸ், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பார்த்தவரை அந்த அம்மாள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. பெருநாளுக்குப் பெருநாள் எல்லா வீட்டுக்கும் பால்சோறு கொடுத்தனுப்புவார். ஆனால் எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் முதல்முறை ஏறிவிட்டு இறங்கும்போது, எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று அவர் சொன்னார். அந்த வாரமே நின்ற லிஃப்ட் இன்றுவரை ஓடவில்லை. சுந்துஸுக்கு ஒன்றரை வயதில் அவள் தலைமுடியைப் பார்த்தும் ஏதோ நல்லதாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல். இனாஸுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

குழந்தை பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறாளே என்று நான் ஒருமுறை இனாஸிடம் சொன்னேன். இது பொய் இல்லை, கதவைச் சாத்துவது மாதிரி என்றாள். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அடுப்பில் வாத்து வறுபடும் வாசனை மாடிப்படியிலேயே வந்தது. இன்றைக்கு என்ன சமையல் என்று சுந்துஸைக் கேட்டேன். மொச்சை என்றாள். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய், மாமா கண்ணும் கணக்குல உண்டாம்மா என்று கேட்டது என் காதில் விழுந்தது. திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, வாத்து என்று திருத்தினாள். யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியக் கூடாது, யார் எதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சின்னத் தலைக்குள் குழப்பமில்லாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஷாஹினாஸ் ஆன்ட்டியைப் பொறுத்தவரை நாங்கள் கடனில் இருக்கிறோம். அப்பாவின் அக்காவுக்கு நாங்கள் நடுத்தரம். பேக்கரிக்காரரைப் பொறுத்தவரை அப்பாவுக்கு வேலை போய்விட்டது. ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவரிடம் அவள் மாற்றிச் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் பள்ளிச் சேர்க்கை வந்தது.

நதிக்கரைச் சாலையில் இருக்கும் அந்தப் பள்ளியில் மழலையர் வகுப்புக்கு இடங்கள் குறைவு, கேட்டு வருகிறவர்கள் ஏராளம். குழந்தையையும் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்து நேர்முகம் நடத்துவார்கள். அப்பா கட்டாயம் வர வேண்டும். அடுத்த வருடம் சுந்துஸுக்கு வயது தாண்டிவிடும் என்பதால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அவளுக்கு இடம் கிடைத்தால்தான் இனாஸ் தான் விட்டுவிட்ட மருந்துக்கடை வேலைக்குத் திரும்பிப் போக முடியும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நாலு வருடமாக வீட்டில் இருக்கிறாள். கடைக்காரர் இன்னும் அவளுக்காக இடத்தைப் பிடித்து வைத்திருந்தார், ஆனால் அவருக்கும் பொறுமை முடிந்துகொண்டிருந்தது. பெருநாள் விடுமுறையில் வந்து போன ரவூஃப் இதற்காக மறுபடி லீவு போட்டுவிட்டு வந்தார்.

இனாஸ் ஜன்னல்களை மூடிவிட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். எண்கள், எழுத்துகள், நிறங்கள், மிருகங்கள். குழந்தை எல்லாவற்றையும் அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டாள். கடைப் பலகைகளைப் படித்தாள், ஆனால் மனதுக்குள். தெருவில் உதடு அசையக் கூடாது என்று உத்தரவு.

நேர்முகத்துக்கு முந்தின மாலை இனாஸ் காகிதத்தில் ஒரு பொம்மை கத்தரித்தாள். எங்கள் பக்கம் பழக்கம்தான். பொம்மையை ஊசியால் குத்திக்கொண்டே, இன்னார் கண்ணிலிருந்து, இன்னார் கண்ணிலிருந்து என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி, கடைசியில் படிகாரத்தோடும் சாம்பிராணியோடும் எரித்துவிடுவார்கள். சுந்துஸ் ஊசியைப் பிடித்தாள், அம்மா பெயர்களைச் சொன்னாள். பட்டியலில் என் மனைவி பெயரும் இருந்ததாக எனக்குப் பிறகு தெரியவந்தது. நான் அதை வீட்டில் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்ததும் இனாஸ் மகளை மடியில் உட்காரவைத்து, நாளைக்கு மிஸ் என்ன கேட்டாலும் நல்லா பதில் சொல்லணும் என்று சொன்னாள். சுந்துஸ் தலையாட்டினாள். இதே வார்த்தைகளை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஷாஹினாஸ் கதவைத் தட்டும்போதெல்லாம், கதவைத் திறப்பதற்கு முன்னால், அம்மா சொல்வது இதைத்தான்.

மறுநாள் காலை நான்தான் அவர்கள் வண்டியை ஓட்டினேன். பள்ளி வாசல்வரை போகக் கூடாது என்று இனாஸ் இரண்டு தெரு தள்ளியே நிறுத்தச் சொல்லிவிட்டாள். பளபளவென்று கழுவி வைத்திருந்த வண்டியை ஒரு குப்பைத்தொட்டிக்குப் பின்னால் மறைத்து நிறுத்தி, சாவியை ரவூஃபிடம் கொடுத்தேன். எல்லோரும் நடந்தோம். பள்ளி நடைகூடத்தில் பெற்றோர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரைக் கேட்டாலும் தங்கள் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் நம்புவதுபோல் தலையாட்டினோம்.

உள்ளே நடந்ததை ரவூஃப் சொல்லித்தான் நான் அறிவேன். இனாஸைக் கேட்டால் இன்றைக்கும் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்பாள்.

மழலையர் பிரிவின் தலைவி மிஸ் இந்திசார், ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடி போட்டவர். மேஜையில் மதிப்பெண் தாள் ஒன்று இருந்தது. பெற்றோர் குறுக்கே பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு சுந்துஸைப் பார்த்துச் சிரித்து, நீ ரொம்ப அழகா இருக்கியே என்று ஆரம்பித்தார். அது சரியான ஆரம்பம் இல்லை. கண் படாமலிருக்க மாஷா அல்லாஹ் என்று சேர்க்காமல் ஒருவர் அழகைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று சுந்துஸுக்குத் தெரியும். எனக்குச் சொறி இருக்கு மிஸ், வெளிய தெரியாது என்று பதில் சொன்னாள்.

எண்ணத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. நிறங்கள்? கறுப்பு மட்டும் தெரியும். எப்படி வந்தீர்கள்? நடந்து வந்தோம். ரவூஃப் கையிலிருந்த வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பா என்ன வேலை செய்கிறார்? வேலை இல்லை, முதுகு வலிக்கிறது, படுத்தே இருக்கிறார்.

மிஸ் இந்திசார் ரவூஃப் நிரப்பிக் கொடுத்திருந்த தாளை ஒருமுறை பார்த்தார். கட்டணம் ஒழுங்காக வருமா என்ற கவலை அவர் முகத்தில் வந்து போனது என்கிறார் ரவூஃப். குறுக்கே பேசக் கூடாது என்ற விதியை மறந்துவிட்டு ரவூஃபே நாற்காலி நுனிக்கு வந்து, கண்ணே, அப்பா எஞ்சினியர்னு மிஸ்கிட்ட சொல்லும்மா என்றார். சுந்துஸ் அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

“சரிப்பா,” என்று சொல்லிவிட்டு மிஸ் பக்கம் திரும்பினாள். “அப்பா வெளியில அப்படித்தான் சொல்லிக்குவாரு. பாவம்.”

அடுத்தது டப்பா. மிஸ் இந்திசார் ஒரு டாஃபி டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பென்சில்கள் இருந்தன. மூடினார். மற்றவர் மனதில் என்ன இருக்கும் என்று குழந்தைக்குப் புரிகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பள்ளி இதை எங்கோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தது. வெளியே காத்திருக்கும் மாமாவிடம் இந்த மூடிய டப்பாவைக் காட்டி, உள்ளே என்ன என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? டாஃபி என்று குழந்தை சொன்னால் சரி. பென்சில் என்றால் தவறு.

“ஒண்ணுமில்லைன்னு சொல்லுவாரு,” என்றாள் சுந்துஸ்.

ஏன் என்று கேட்டார் மிஸ்.

“மாமா டாஃபின்னுதான் நெனப்பாரு. ஆனா டாஃபின்னு சொன்னா, ஆசைப்படறாருன்னு நீங்க நெனப்பீங்க. நீங்க அப்படி நெனச்சிடுவீங்கன்னு மாமாவுக்குத் தெரியும். அதனால ஒண்ணுமில்லைம்பாரு. அப்புறம் கார்ல...” இங்கே அவள் நிறுத்தினாள். “நடந்து போகும்போது, டப்பா நிறைய டாஃபி வச்சிருக்காங்கன்னு அம்மாகிட்ட சொல்லுவாரு.”

மிஸ் இந்திசார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சரி, தவறு என்று இரண்டு கட்டங்கள்தான் அதில் இருந்தன. இதை ரவூஃப் எனக்குச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், நான் சரியாக அப்படித்தான் செய்திருப்பேன்.

கடைசியாகக் கைத்திறன். காகிதமும் மொண்ணைக் கத்தரியும் கொடுத்து, உனக்குப் பிடித்ததைக் கத்தரித்துக் காட்டு என்றார்கள். சுந்துஸ் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, தலை, கை, கால் எல்லாம் ஒழுங்காக வரும்படி ஒரு ஆளைக் கத்தரித்தாள். மிஸ் இந்திசாருக்கு அன்று முதல்முறையாக எழுத ஏதோ கிடைத்தது. அவர் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்ததும் சுந்துஸ் அதை எடுத்தாள். பொம்மையின் வயிற்றில் குத்தினாள். ஷாஹினாஸ் ஆன்ட்டி கண்ணிலிருந்து. இன்னொரு குத்து. பெரிய அத்தை கண்ணிலிருந்து. பேக்கரிக்காரர், மாமி, இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இனாஸ் தன் கைப்பையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். சுந்துஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

“மிஸ், உங்க பேரு என்ன?”

“இந்திசார்,” என்றார் அவர். சொல்லாமல் இருக்க முடியவில்லை என்று பிற்பாடு ரவூஃபிடம் சொன்னாராம்.

“இந்திசார் மிஸ் கண்ணிலிருந்து,” என்று சுந்துஸ் கடைசிக் குத்தைக் குத்தி, எரிப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று மேஜையைச் சுற்றிப் பார்த்தாள்.

மிஸ் இந்திசார் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கிறாரா என்று ரவூஃபுக்குத் தெரியவில்லை. அவர் இனாஸைப் பார்த்துச் சொன்னதை ரவூஃப் எனக்கு அப்படியே சொன்னார்.

“சுந்துஸ் அம்மா, நானும் இந்த ஊர்தான். என் பையன் மருத்துவம் படிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் ஃபெயிலாயிட்டான்னுதான் எங்க தெருவில சொல்லிட்டிருந்தேன். உங்க பொண்ணுக்கு எல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியுது. ஆனா எனக்குத் தெரிஞ்சு பிரயோஜனம் இல்லை. வகுப்புல டீச்சர் கேட்டா பதில் வரணும். அஞ்சு நிமிஷத்துல அடுத்த குழந்தையைக் கூப்பிடணும். நீங்களே சொல்லுங்க அவகிட்ட.”

இனாஸ் சொன்னாள். சுந்துஸ், மிஸ்ஸுக்கு எல்லாம் சொல்லும்மா, ஒளிக்கவேண்டாம். குழந்தை அம்மாவை அன்போடு பார்த்தாள். ஒளிக்க வேண்டாம் என்று அம்மா யார் முன்னால் சொல்வாள், அதற்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியாதா? போன வாரம்தான் ஷாஹினாஸின் பேரனுக்கு உன் சைக்கிளைக் கொடு கண்ணு என்று அம்மா எல்லோர் முன்னாலும் அவளிடம் கொஞ்சிச் சொன்னாள். சுந்துஸ் சைக்கிள் உடைந்துவிட்டது என்றாள். அன்று மாலை அவளுக்கு முத்தம் கிடைத்தது.

“எனக்கு எண்ணத் தெரியாதும்மா,” என்றாள் இப்போதும். அம்மாவுக்குக் கவலை வேண்டாம் என்கிற குரலில்.

இனாஸ் மறுபடி சொன்னாள். அதட்டிச் சொன்னாள். கெஞ்சியும் பார்த்தாள். அவள் சொல்லச் சொல்லக் குழந்தைக்கு இந்த மிஸ் எவ்வளவு ஆபத்தானவர் என்பது உறுதியாகிக்கொண்டே போனது. இப்படி ஒரு நடிப்பை அம்மா ஷாஹினாஸுக்காகக்கூட நடித்ததில்லை. அறைக்கு வெளியே ஒரு பியூன் அடுத்த பெயரைக் கூப்பிடத் தயாராக நின்றான். மிஸ் இந்திசார் மதிப்பெண் தாளை மடிக்க ஆரம்பித்தார்.

இனாஸ் எழுந்து நின்றாள். ரவூஃபும் கூடவே எழுந்தார்.

அவள் முதலில் சொன்னது, மிஸ், எங்ககிட்ட கார் இருக்கு என்பது. குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நிற்கிறது, புதுசு, பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. என் கணவருக்கு வேலை இருக்கிறது, நல்ல சம்பளம், முதுகில் ஒன்றுமில்லை. துணி துவைக்கும் இயந்திரம் புதிது. போர்வைதான் பழையது. இதையெல்லாம் அவள் மிஸ்ஸைப் பார்த்துச் சொல்லவில்லை, மகளைப் பார்த்துச் சொன்னாள். என் பொண்ணு கடைப் பலகை எல்லாம் படிக்கிறாள், நூறைத் தாண்டி எண்ணுகிறாள், எங்கள் தெருவிலேயே இவளைப் போலப் புத்திசாலிக் குழந்தை கிடையாது, எனக்கே பயமாக இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பொக்கிஷத்தைத் தெருவில் கொட்டுகிறவள் மாதிரி இருந்தாள் என்றார் ரவூஃப்.

சுந்துஸின் முகம் மாறிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் இன்னும் முழுசாக நம்பவில்லை. காரைச் சொல்வது பெரிய விஷயம்தான், ஆனால் காரைக் கொடுத்து அதைவிடப் பெரியதை மறைக்கலாம். அம்மா அப்படியும் செய்யக்கூடியவள். குழந்தை காத்திருந்தாள். இனாஸுக்கு அது புரிந்தது. தன் கையிருப்பில் இன்னும் என்ன இருக்கிறது என்பது மகளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதும் அந்த நொடியில் புரிந்திருக்க வேண்டும்.

“எனக்கு ரெண்டரை மாசம்,” என்றாள் இனாஸ்.

ரவூஃப் அதுவரை அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இது செய்தி. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்றால் யாரிடமும்தான். அதிலும் குவைத்துக்குப் போன் செய்து சொன்னால் அறையில் அவரோடு தங்கியிருக்கும் ஆறு பேர் காதிலும் விழும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

சுந்துஸ் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

“அதையுமா சொல்லிட்டம்மா?” என்றாள். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு, “நான் யாருகிட்டயுமே சொல்லல,” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று ரவூஃப் ஒருவழியாகக் கேட்டார்.

“தினம் காலையில வாந்தி எடுத்தாங்க. குழாயைத் திறந்துவிட்டுட்டு எடுத்தாங்க. குழாயைத் திறந்தா மறைக்கறாங்கன்னு அர்த்தம். நோவா இருந்தா மறைக்கமாட்டாங்க, எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. மறைச்சா நல்லதுதான்.”

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் ரவூஃப் திரும்பத் திரும்பச் சொல்லும் பகுதி. நாற்காலியைத் திருப்பி மிஸ் இந்திசாருக்கு நேராக உட்கார்ந்து அவர் முகத்தை ஆராய்ந்தாள். காரும் சம்பளமும் குழந்தையும் பிறக்கப்போகும் குழந்தையும் என்று எல்லாவற்றையும் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு மனுஷி இப்போது என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்கு. அதுவரை சோதனை மேஜைக்கு இந்தப் பக்கத்தில் இருந்தது. இப்போது சோதனை அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது, அது மிஸ்ஸுக்கும் தெரிந்தது. அவர் அவசரப்படவில்லை. மாஷா அல்லாஹ் என்று சத்தமாகச் சொன்னார். மரத்தைத் தொட்டால் கண் படாது என்பதால், இரண்டு கைகளாலும் மேஜையை அழுத்திப் பிடித்தார். மேல்பலகை பிளாஸ்டிக் என்று நினைவு வந்து, குனிந்து அடியில் இருந்த மரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கண் குழந்தை மேல் இல்லாமல் ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

சுந்துஸ் பெருமூச்சு விட்டாள். பிறகு எண்ண ஆரம்பித்தாள். முதலில் ரகசியக் குரலில், இருபதைத் தாண்டியதும் சாதாரணக் குரலில். அறுபதுக்கு அப்புறம் அது நடைகூடத்தில் எங்களுக்கே கேட்டது. யாரோ குழந்தை சத்தமாக எண்ணுகிறதே, எந்த ஊர்க்காரர்களோ என்று என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நானும் தெரியாது என்றேன். எண்ணிக்கை போய்க்கொண்டே இருந்தது. போதும் கண்ணு என்று மிஸ் இந்திசார்தான் நிறுத்தினார். சுந்துஸுக்கு நிறுத்த மனமில்லை. ஆரம்பித்த பிறகு, சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வரத்தானே செய்யும்? நிறங்களைச் சொன்னாள். மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தாள். அனுமதியில்லாமல் உள்ளே வரக் கூடாது என்று எழுதியிருந்தது.

மிஸ் இந்திசார் மடித்த தாளைப் பிரித்தார். எழுதினார். இடம் உண்டு என்றார். பட்டியல் ஒட்டும்வரை வெளியில் மூச்சு விட வேண்டாம், என் சொந்தத் தங்கை பேத்திக்கே இந்த வருடம் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். வகுப்பைப் பற்றி இனாஸ் ஒன்று கேட்டாள். வகுப்பு என்பது எல்லாக் குழந்தைகளும் பதில் சொல்லும் இடம், அங்கே மட்டும் ஒளிக்கத் தேவையில்லை என்று சுந்துஸுக்கு எப்படிப் புரியவைப்பது? மிஸ் இந்திசார் யோசித்துவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் சேர்ந்து சத்தமா சொல்லுவாங்க சுந்துஸ் அம்மா. முப்பது பேர் ஒரே நேரத்துல எண்ணினா கண்ணு யார் மேல விழும்?” இதைக் கேட்டு சுந்துஸ் திருப்தியடைந்தாள். அவள் அம்மாவும்தான்.

கதவு திறந்தது. முதலில் ரவூஃப் வந்தார். ஒரே அறையில் இரண்டு நல்ல செய்திகளைக் கேட்டுவிட்டு வந்த மனிதன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நடைகூடத்தில் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. பின்னால் இனாஸ் வந்தாள். அவளும் சரியாக இல்லை. அத்தனையையும் கொட்டிய பிறகு எப்படி மூடுவது என்று கை மறந்துபோனவள் மாதிரி நின்றாள். அடுத்து உள்ளே போக வேண்டிய பெண், பழுப்புக் கோட்டு போட்டவர், தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, என்ன ஆச்சு, கெடைச்சிடுச்சா என்று இனாஸைக் கேட்டார். கேட்கும்போது கண் ரவூஃபின் முகத்தில் இருந்தது.

இனாஸ் வாயைத் திறந்தாள். அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அன்றைக்கு அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

சுந்துஸ் அப்பாவின் கால்சட்டையை இழுத்து முன்னால் வந்தாள். தோள்கள் இறங்கின. கீழுதடு பிதுங்கியது. எங்கிருந்து கொண்டுவந்தாளோ, கண்ணில் தண்ணீரும் இருந்தது.

“கெடைக்கல ஆன்ட்டி,” என்றாள். “எனக்கு எண்ணத் தெரியலைன்னு சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு அதிர்ச்சியில சிரிப்பு வந்துடுச்சு.”

அந்தப் பெண் ஐயோ பாவம் என்று சுந்துஸின் கன்னத்தைத் தொட்டார். இந்த வருடம் எல்லோருக்குமே கஷ்டம்தான் என்று இனாஸுக்கு ஆறுதல் சொன்னார். தன் மகளுக்கும் ஒன்றும் வராது, பேச்சே சரியாக வரவில்லை, சும்மா வந்தோம் என்றார். அந்த மகள் இரட்டைச் சடை போட்ட சின்னப் பெண். அம்மாவின் கோட்டுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி சுந்துஸைப் பார்த்தாள். அவள் கண் சுந்துஸின் உதட்டில் ஆரம்பித்து, கண்ணீரில் ஒரு கணம் நின்று, ரவூஃபின் முகத்துக்குப் போய், திரும்பி வந்தது.

“எனக்கும் எண்ணத் தெரியாது,” என்றாள்.

சுந்துஸ் அவளை நிதானமாகப் பார்த்தாள். கண்ணீர் நின்றுவிட்டது.

“எதுவரைக்கும் தெரியாது?”

“நூறு வரைக்கும்.”

“எனக்கு இருநூறு வரைக்கும் தெரியாது,” என்றாள் சுந்துஸ். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டாள்.